வலம் வரும் பாதம், வழி சொல்லும் வலி

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் மலை சுற்றுகிறவர்களின் நடையைக் கவனிக்க வேண்டுமானால் அடி அண்ணாமலையில் போய் நிற்க வேண்டும். ராஜகோபுரத்தடியில் கிளம்பும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறார்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பி, மலையின் மேற்குப் புறமாக இந்த ஊருக்கு வந்து சேரும்போது பாதித் தூரம் கடந்திருக்கும். ஆதி அருணாசலேசுவரர் கோயிலும், திருவெம்பாவை பிறந்த இடமென்று வணங்கப்படும் மாணிக்கவாசகர் கோயிலும் இருக்கிற இந்தப் பகுதியில் கால்கள் ஆளுக்கொரு விதமாக மாறத் தொடங்குகின்றன. ஒருவர் குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தால் நடக்கிறார். இன்னொருவர் தாரை விட்டு ஓரத்து மண்ணுக்கு இறங்கிவிட்டார். ஓர் அம்மா இடது பாதத்தின் வெளி விளிம்பில் எடையைச் சாய்த்து வைத்தபடி, கூட வரும் மருமகளிடம் ஏதோ வீட்டுக்கதை பேசிக்கொண்டே போகிறார். “ஏம்மா, காலைச் சாய்ச்சு வைக்கிறீங்க?” என்று கேட்டால், “அப்படியா வைக்கிறேன்?” என்பார். அவருக்குத் தெரியாது. அவருடைய தண்டுவடத்துக்குத் தெரியும்.

ஒரு சிலர் மட்டும் கிளம்பியபோது நடந்த அதே நடையில் இங்கேயும் நடந்து வருவார்கள். “வலியே தெரியல, எல்லாம் அண்ணாமலையார் அருள்” என்பார்கள். அது அருளாகவே இருக்கட்டும். ஆனால் அவர்களில் சிலருக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். அந்தக் காரணத்தை அறியாமல் வெறுங்காலோடு நடப்பது காலையே பறித்துவிடும் அளவுக்கு ஆபத்தானது.

வலப்பாதை 14 கிலோமீட்டர். ஓர் எட்டுக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 20,000 எட்டு வருகிறது. அதாவது ஒவ்வொரு பாதமும் 10,000 முறை உடலின் முழு எடையையும் சுமந்து தரையில் பதிய வேண்டும். இந்தப் பத்தாயிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதம் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் மூளைக்கு என்ன போய்ச் சேருகிறது? உள்ளங்காலின் தோலுக்குள் நான்கு வகையான தொடுவுணர் முனைகள் இருக்கின்றன. மெர்க்கல் முனைகள் நீடித்த அழுத்தத்தையும் கல்லின் கூரான விளிம்பையும் சொல்கின்றன. மெய்ஸ்னர் முனைகள் தோல் லேசாக வழுக்கினாலே விழித்துக்கொள்கின்றன. ருஃபினி முனைகளுக்குத் தோல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பது தெரியும். ஆழத்தில் இருக்கும் பாசினியன் முனைகள் நொடிக்குச் சில நூறு முறை துடிக்கும் அதிர்வையும் பிடித்துவிடுகின்றன. இவை போக, எந்த உறையும் இல்லாத மெல்லிய நரம்பு நுனிகள் தோலெங்கும் பரவிக் கிடக்கின்றன. சூடும் குளிரும் வலியும் இவற்றின் பொறுப்பு.

இந்த நுனிகளில் தொடுதலும் சூடும் எப்படி மின்சமிக்ஞையாகின்றன என்பது அண்மைக்காலம் வரை புரியாமல்தான் இருந்தது. மிளகாயின் காரம் ஏன் சுடுவதுபோல இருக்கிறது என்று தேடிய டேவிட் ஜூலியஸ், 1997-ல் நரம்பு நுனியில் ஒரு புரதக் கதவைக் கண்டுபிடித்தார். மிளகாயின் காரப் பொருளுக்குத் திறக்கும் அதே கதவு, சுமார் 43 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்துக்கும் திறக்கிறது. அழுத்தினால் திறக்கும் பியெசோ என்ற வேறு கதவுகளை 2010-ல் ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் கண்டார்கள். இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. சித்திரைப் பௌர்ணமியன்று வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டவரின் பாதம் தார்ச்சாலையில் பட்டதும் துள்ளுகிறதே, அங்கே திறந்துகொள்வது ஜூலியஸ் கண்ட கதவு.

கட்டைவிரல் நுனியில் பிறந்த சமிக்ஞை பயணம் செய்யும் நரம்புச் செல்லைப் போல விசித்திரமான செல் நம் உடலில் வேறில்லை. அதன் உடல் இடுப்புக்குப் பின்னால், தண்டுவடத்தை ஒட்டிய சிறு முடிச்சுக்குள் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அங்கிருந்து ஓர் இழை கால்விரல் வரை இறங்குகிறது. மறு இழை தண்டுவடம் வழியாக மூளைத்தண்டு வரை ஏறுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை மீட்டர். அந்தச் செல்லின் உடலை ராஜகோபுர வாசலில் வைத்த ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் இழை அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இவ்வளவு நீளத்துக்கும் வேண்டிய புரதங்களையெல்லாம் அந்தத் துளியுடல்தான் செய்து அனுப்புகிறது. மிக விரைவாகப் போகும் சரக்கும் ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான் நகரும். கால்விரலை எட்ட இரண்டு மூன்று நாளாகும். மெதுவாகப் போகும் சரக்குக்கோ மாதங்கள், சிலவற்றுக்கு ஆண்டுகளும் ஆகும். சர்க்கரை நோய் இந்த இடத்தில்தான் முதலில் கைவைக்கிறது.

சமிக்ஞை போகும் வேகம் எல்லா இழைகளுக்கும் ஒன்றல்ல. தொடுதலைக் கொண்டுபோகும் இழைகளுக்குத் தடித்த மைலின் உறை உண்டு. அவற்றில் செய்தி நொடிக்கு 50 மீட்டர் அளவில் பாய்கிறது. கால்விரலைத் தொட்டது நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்தில் மூளையின் உணர்வுப் புறணிக்குத் தெரிந்துவிடுகிறது. வலிக்கு இரண்டு வழிகள். மெல்லிய உறையுள்ள இழைகளில் வருவது ‘சுருக்’கென்ற வலி; அது எங்கே குத்தியது என்பதைத் துல்லியமாகச் சொல்லும். உறையே இல்லாத இழைகளில் வருவது நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து வரும் வலி. கல்லில் மிதித்து, காலை எடுத்து, ‘ஸ்’ஸென்று மூச்சிழுத்த பிறகு மெல்லப் பரவுகிறதே ஒரு வேதனை, அது இந்த இரண்டாவது வழியில் வந்தது.

இவ்விரண்டும் மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கால் எழும்பிவிடுகிறது. முள்ளை மிதித்த காலின் மடக்கு தசைகளைத் தண்டுவடமே இறுக்குகிறது. அதே நேரத்தில் மறுகாலின் நீட்டு தசைகளுக்கும் கட்டளை போகிறது. இல்லாவிட்டால் ஒரு காலை எடுத்த மனிதர் விழுந்துவிடுவார். மூளையைக் கேட்காமல் எடுக்கப்படும் இந்த முடிவுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

நடை என்பதே பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. இதை முதலில் காட்டியவர் தாமஸ் கிரஹாம் பிரவுன். 1911-ல் பூனைகளின் தண்டுவடத்தை மூளையிலிருந்து துண்டித்து, கால்களிலிருந்து வரும் உணர்வு நரம்புகளையும் வெட்டிய பிறகும், மடக்கு தசையும் நீட்டு தசையும் மாறி மாறி இயங்கும் தாளம் தண்டுவடத்திலிருந்தே எழுவதைக் கண்டார். 1966-ல் ரஷ்ய ஆய்வாளர்கள் ஷிக், செவரின், ஓர்லொவ்ஸ்கி மூவரும் பூனையின் நடுமூளையில் ஒரு சிறு இடத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள், பூனை நடந்தது. மின்சாரத்தைக் கூட்டினால் ஓடியது. மேலிருந்து போகும் கட்டளை ‘நட’ என்பது மட்டும்தான். எந்தத் தசையை எப்போது இறுக்குவது என்ற கணக்கைக் கீழே இருக்கும் வலைப்பின்னல் பார்த்துக்கொள்கிறது. பிறந்த சில நாட்களே ஆன குழந்தையின் அக்குளைப் பிடித்து நிறுத்திப் பாதத்தைத் தரையில் தொடவைத்தால் அது எட்டு எடுத்துவைப்பதை நம் வீட்டுப் பாட்டிமார் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதுவும் இந்தத் தாளத்தின் வெளிப்பாடுதான்.

தாளத்தைச் செம்மைப்படுத்துவது சிறுமூளை. மனித மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் 6,900 கோடி, பிடரிக்கு மேலே இருக்கும் அந்தச் சிறு உறுப்புக்குள் அடைந்திருக்கின்றன. வைக்க நினைத்த எட்டுக்கும் வைத்த எட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அது ஓயாமல் அளந்து திருத்துகிறது. ஆனால் திருத்துவதற்குக் கீழேயிருந்து செய்தி வந்தாக வேண்டும். 1971-ல் 19 வயது பிரிட்டிஷ் இளைஞர் ஒருவருக்கு ஒரு தொற்றுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும், கை கால் எந்த நிலையில் இருக்கின்றன என்ற உணர்வும் முற்றாகப் போய்விட்டன. தசைகளில் வலு அப்படியே இருந்தது. ஆனாலும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. காலைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்து, நடக்கக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அதற்குப் பிறகும் விளக்கு அணைந்தால் அவர் விழுந்துவிடுவார். நாம் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் மலை சுற்றுவதற்குப் பின்னால் பாதம் அனுப்பும் செய்தி எவ்வளவு இருக்கிறது என்பதை அவரிடம்தான் மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது.

இனி வலிக்கு வருவோம். பாதத்திலிருந்து புறப்படும் ஆபத்துச் சமிக்ஞை அப்படியே வலியாகிவிடுவதில்லை. 1944-ல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் படுகாயமடைந்த வீரர்களைக் கவனித்த ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், அவர்களில் பலர் வலி மருந்தே கேட்கவில்லை என்று பதிவு செய்தார். அவர்களைப் பொறுத்தவரை அந்தக் காயம் உயிரோடு ஊர் திரும்பும் வாய்ப்பு. 1965-ல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும், தண்டுவடத்துக்குள் வலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாயில் இருக்கிறது என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி தணிவது, தொடு இழைகள் அந்த வாயிலைக் கொஞ்சம் சாத்துவதால் என்று விளக்கினார்கள். அவர்கள் வரைந்த சுற்றுப்படத்தின் விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டன. மூளை வலியை மேலிருந்து ஆள்கிறது என்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது. 1969-ல் டேவிட் ரெனால்ட்ஸ் எலியின் நடுமூளையில் குறிப்பிட்ட ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, மயக்க மருந்து இல்லாமலே அதன் வயிற்றில் அறுவை செய்ய முடிந்தது. அங்கிருந்து இறங்கும் நரம்புகள் தண்டுவடத்தில் வலியின் வழியை அடைத்துவிடுகின்றன. நம் உடலே சுரக்கும் எண்டார்பின் முதலான பொருட்கள் இந்த ஏற்பாட்டின் கைகள்.

பக்தி நடையில் வலி மனிதர்களை என்ன செய்கிறது என்பதற்கு நம்மவர்களிடமே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. மொரிசியஸ் தமிழர்கள் தைப்பூசத்தன்று அலகு குத்தி, காவடி சுமந்து, சுடும் சாலையில் வெறுங்காலோடு மணிக்கணக்காக நடக்கிறார்கள். திமித்ரிஸ் ஜிகலாடாஸ் குழுவினர் அங்கேயே தங்கி அவர்களை ஆராய்ந்தார்கள். 2013-ல் வந்த அவர்களுடைய முடிவுப்படி, வெறும் கூட்டு வழிபாட்டில் கலந்துகொண்டவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் கோயிலுக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். உடன் நடந்து அவர்கள் வேதனையைக் கண்டவர்களும் அப்படியே கொடுத்தார்கள். அதிக வலியை உணர்ந்ததாகச் சொன்னவர்கள் இன்னும் அதிகம் கொடுத்தார்கள். ஸ்பெயின் நாட்டுத் தீமிதி ஒன்றில் நடந்த இன்னோர் ஆய்வு, தீயில் இறங்கியவரின் இதயத்துடிப்போடு கரையில் நின்ற உறவினரின் இதயத்துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியதை 2011-ல் காட்டியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில், ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கும்போது ஒற்றை மனிதனின் நரம்பு மண்டலம் தனியாக இயங்குவதில்லை. மலை சுற்றும் இரவில் வலி குறைவாகத் தெரிவது பொய்யும் அல்ல, மனப்பிரமையும் அல்ல. மூளை தன் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்யும் வேலை அது.

இதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கும் திருவண்ணாமலையிலேயே சான்று இருக்கிறது. 1896 செப்டம்பர் 1-ம் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குகையில் உட்கார்ந்திருந்தான். எறும்பும் பூச்சியும் தொடையைக் கடித்துப் புண்ணாக்கிச் சீழ் வடிந்தும் அசையவில்லை என்று ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவருடைய நரம்புகள் பழுதில்லாமல் இருந்தன. செய்தி வந்தபடி இருந்தது. கவனம் வேறெங்கோ நிலைத்திருந்தது. இதை வலியுணர்வே அற்றுப்போன நிலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் ஆள்கிற மூளைக்குச் செய்தி வருகிறது. மற்றதில் செய்தி கொண்டுவரும் கம்பியே அறுந்துவிட்டது.

அறுந்த கம்பியைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்ன இடம் திருவண்ணாமலையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி.  அங்கிருந்து அந்தப் பாடத்தைச் சொன்னவர் பால் பிராண்டு என்ற எலும்பு அறுவை மருத்துவர். 1914-ல் கொல்லிமலையில் ஒரு மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். மலைப் பிள்ளைகளோடு வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து 1946-ல் வேலூருக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து “பிடி” என்றார். அந்தப் பிடி பிராண்டின் கையை நோகச் செய்யும் அளவுக்கு வலுவாக இருந்தது. சதை அழுகிப்போகும் நோய் என்று நம்பப்பட்ட ஒன்றில் இவ்வளவு பலமுள்ள தசை எப்படி இருக்கிறது?

ஆண்டுகள் சில உழைத்து பிராண்டும் தோழர்களும் கண்ட விடை இது. தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியான இடங்களையே நாடும். தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளுக்குள் புகுந்து அவற்றைக் கெடுக்கும். முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் நரம்பு மேலாக ஓடுவதால் அங்கே பாதிப்பு அதிகம். விரல்களைத் தின்பது கிருமி அல்ல. வலி இல்லாததால் நாளெல்லாம் படும் சின்னச் சின்னக் காயங்களே விரல்களைத் தின்கின்றன. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறவர்கள், புண்ணுள்ள காலால் ஓடி விளையாடும் சிறுவர்கள் என்று ஒவ்வொரு காயத்தின் வழியையும் அவர்கள் தேடிப் பிடித்தார்கள். இரவோடு இரவாகச் சிலருக்கு விரல் நுனி காணாமல் போனதற்கு மட்டும் காரணம் புரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது: தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது, அவர் விழிக்கவே இல்லை. அதன்பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

பிராண்டுக்கே ஒருமுறை இந்தப் பயம் வந்தது. நீண்ட பயணத்துக்குப் பின் லண்டனில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வில்லை என்று கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது ‘ஐயோ’ என்று துள்ளினார். நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்ததால் நரம்பு அழுந்தி மரத்திருந்திருக்கிறது. வலிக்காக ஒரு மனிதன் கடவுளுக்கு நன்றி சொன்ன தருணம் அது.

1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். காயம் எப்படி உருவாகிறது என்று அங்கே அளந்து பார்த்தபோது கிடைத்த முடிவு மலை சுற்றுகிற ஒவ்வொருவருக்கும் தொடர்புடையது. ஆழமாகக் குத்தும் முள் மட்டுமே ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். எலிகளின் பாதத்தில் மிதமான, தனித்துப் பார்த்தால் எந்தத் தீங்கும் செய்யாத அழுத்தத்தை அதே இடத்தில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்தார்கள். சில நாட்களில் அந்த இடம் சிவந்து, வீங்கி, உடைந்து புண்ணாயிற்று. நமக்கு ஏன் அப்படி ஆவதில்லை? மூவாயிரமாவது எட்டில் ஓரிடம் லேசாகச் சிவக்கிறது. அந்த இடத்து நரம்பு நுனிகள் கூர்மையாகின்றன. தண்டுவடம் எடையைப் பாதத்தின் வேறு பக்கத்துக்குச் சாய்க்கிறது. அடி அண்ணாமலையில் மருமகளோடு பேசிக்கொண்டு போன அம்மா செய்தது அதுதான். உணர்விழந்த பாதம் மட்டும் முதல் எட்டை வைத்த அதே புள்ளியில் பத்தாயிரமாவது எட்டையும் வைக்கும்.

பிராண்டின் இன்னொரு முயற்சி தோல்வியில் முடிந்தது. மூளையும் நடத்தையும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை வெற்றிகளைவிட அந்தத் தோல்வியே எனக்கு அதிகம் கற்பித்தது. வலியை இழந்தவர்களுக்குச் செயற்கை வலி செய்து கொடுக்க அவர் குழு முனைந்தது. கையுறையிலும் காலுறையிலும் அழுத்தமானிகளைப் பொருத்தி, அழுத்தம் மிஞ்சினால் ஒலி எழுப்பும்படி செய்தார்கள். ஒலி கேட்டது, நோயாளிகள் வேலையை நிறுத்தவில்லை. விளக்கு எரிந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் அக்குளில் மின்னதிர்ச்சி தரும்படி அமைத்தார்கள். அவசர வேலை வந்தால் அவர்கள் மின்சாரத்தை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆபத்து என்னவென்று நன்றாகவே தெரிந்தவர்கள். உண்மையான வலி, ‘எங்கே’ என்ற தகவலை உணர்வுப் புறணிக்குச் சொல்வதோடு நிற்பதில்லை. இன்சுலா, முன் சிங்குலேட் போன்ற மூளைப் பகுதிகளுக்கும் போய், இது உடனே நிற்க வேண்டும் என்ற தவிப்பை எழுப்புகிறது. தீராத வலிக்காகச் சிங்குலேட் பகுதியில் அறுவை செய்துகொண்ட சிலர், வலி இருக்கிறது, ஆனால் தொந்தரவு செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். காது வழியாக வந்த எச்சரிக்கையில் அந்தத் தவிப்பு இல்லை. தெரிந்துகொள்வது வேறு, நோவது வேறு. நம் நடத்தையை உடனே மாற்றுவது நோவுதான். சர்க்கரை நோயாளியிடம் “காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வாயால் சொல்லிவிட்டு, அவர் செய்யவில்லையென்று கோபித்துக்கொள்வது இதனால்தான் நியாயமில்லை.

தொழுநோய் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. அதே உணர்விழப்பு சர்க்கரை நோயின் வழியாக வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால், நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இழைக்குள் ஆற்றல் உண்டாகும் முறையும் கெடுகிறது. மிக நீண்ட இழைக்குத்தான் பராமரிப்பு மிகக் கடினம். எனவே முதலில் கால்விரல் நுனி, பிறகு பாதம், கணுக்கால் என்று, காலுறை போட்டதுபோல உணர்விழப்பு ஏறி வருகிறது. முழங்காலை நெருங்கும்போது கைவிரல்களிலும் தொடங்கும், ஏனென்றால் கைவிரலுக்கு ஓடும் இழையின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் பலருக்கு எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்வு இருக்கும். சில ஆண்டுகளில் எரிச்சல் தானாக அடங்கும். “இப்போ பரவாயில்லை டாக்டர், எரிச்சல் விட்டுப்போச்சு” என்பார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்ததால் தணிந்திருந்தால் நல்லது. நரம்பு முற்றாக ஓய்ந்ததாலும் எரிச்சல் அடங்கும். அதுதான் மோசமான கட்டம். வியர்வையைச் சுரக்கவைக்கும் நரம்புகளும் உடன் கெடுவதால் தோல் காய்ந்து பித்தவெடிப்பு ஆழமாகிறது. பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் வளைகின்றன. எடையெல்லாம் முன்பாதத்தின் ஓரிரு புள்ளிகளில் குவிகிறது. அந்தக் காலோடு ஒருவர் வெறுங்காலில் மலை சுற்றினால், பத்தாயிரம் முறையும் அதே புள்ளியில் அடி விழும். பகல் வெயிலில் பிராகாரத்துக் கல்லில் நடந்து, பாதம் வெந்து கொப்புளம் கண்டிருப்பதை வீட்டுக்கு வந்தபின் மற்றவர் சொல்லித் தெரிந்துகொண்டவர்களைப் பாத சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். புண், சீழ், எலும்புத் தொற்று, விரல் துண்டிப்பு, கால் துண்டிப்பு என்ற வரிசை இப்படித்தான் தொடங்குகிறது.

மலை சுற்ற வேண்டாமென்று யாரிடமும் நான் சொல்ல மாட்டேன். பதினான்கு கிலோமீட்டர் நடை சர்க்கரைக்கு நல்லது, மனதுக்கு அதைவிட நல்லது. சர்க்கரை நோய் உள்ள உங்கள் அப்பாவோ அம்மாவோ அடுத்த பௌர்ணமிக்குக் கிளம்புகிறார்கள் என்றால், முந்தின நாள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த எளிய முறை இது. அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் உணர்வு குறைந்திருக்கிறது. அதன்பின் மருத்துவரிடம் போய் 10 கிராம் நைலான் இழைச் சோதனை செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே இதற்கு வழி செய்திருக்கிறது.

உணர்வு குறைந்தவர் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்போ, பருத்திக் காலுறையோடு அளவான ஷூவோ போட்டுக்கொண்டு வலம் வரட்டும். கோயிலுக்குள் போகும்போது கழற்றினால் போதும், வலப்பாதை பொதுச்சாலை. பாதி வழியில், அடி அண்ணாமலையில், ஓரமாக உட்காரவைத்து இரண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். சிவந்த இடமோ கொப்புளமோ தெரிந்தால் மிச்ச வழிக்கு ஆட்டோ பிடியுங்கள். வீட்டுக்குப் போனதும் காலை வெந்நீரில் வைக்காதீர்கள். சூடு அவருக்குத் தெரியாது. மறுநாள் காலையில் இன்னொரு முறை, வெளிச்சத்தில், விரலிடுக்குகள் உட்பட, அவர் பாதத்தை நீங்கள் பாருங்கள்.